எடை ஒன்று, நீளம் வேறு

வியாழக்கிழமை, மத்தியானம்
கடையிலிருந்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேலே இருக்கிற கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஆறாம் வகுப்பு படிக்கும்போது இதைப் பார்த்துவிட்டு, கோழி மையில் காலை வைத்துவிட்டு நடந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னாய். கோழிக்கு இப்போது அறுபத்திரண்டு வயது, இன்னும் தேறவில்லை. நீ ஹாஸ்டலில் இருந்தபோது எழுதியதுதான் கடைசி. அப்போது வீட்டில் போன் இல்லை. இப்போது சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு பேப்பரைத் தேடி எழுதுகிறேன் என்றால், அதற்கு உன் அம்மாதான் காரணம். போனில் சொன்னால் நான் நாலு ஜோக்குச் சொல்லி மழுப்பிவிடுவேனாம். எழுதினால்தான் உண்மை வருமாம். முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவள் ஆயிற்றே, சரக்கு தெரிந்துதான் பேசுகிறாள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க என் தோள் வேண்டும், எழுந்த பிறகு நான் சாய அவள் தோள் வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள். வாலு அனுப்பிய படம் வந்தது. முன்பல் இரண்டும் விழுந்து சிரிக்கிற படம். அதைக் கடையில் என் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். முதலாளி பார்த்துவிட்டு, பேத்தி உங்க ஜாடைதான், பல் உட்பட என்றார். சிரித்தேன். அந்தப் பிள்ளை சிரிக்கும்போது வாயின் இடது பக்கம் கொஞ்சம் மேலே போகிறது பார், அது மாப்பிள்ளையின் சிரிப்பு.

சரி, சுற்றி வளைக்கக் கூடாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

உன் தம்பி வருகிற இருபத்திரண்டாம் தேதி ஊரைவிட்டுப் போகிறான். தூரத்தில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் மூன்று வருஷ ஒப்பந்தம். போகிற வழியில் உன் ஊர் ஸ்டேஷனில் வண்டி மாற வேண்டும். காலை பதினொரு மணிக்கு இறங்கினால் மூன்று மணிக்குத்தான் அடுத்த வண்டி. நாலு மணி நேரம் அங்கே தனியாக உட்கார்ந்திருப்பான். நீ போய் அவனைப் பார்க்க வேண்டும்.

இங்கேயே இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய் என்று பயமாக இருக்கிறது. மாப்பிள்ளையை எடுத்த அன்று, அத்தனை பேர் முன்னால் அவனைப் பார்த்து, "குடிச்சிருந்தியாடா? உன் கை ஆடுனதுக்கு என் புருஷனா கிடைச்சாரு?" என்று கேட்டாய். இனி எனக்குத் தம்பி இல்லை என்றும் சொன்னாய். அவன் வாயே திறக்கவில்லை. இரண்டு வருஷமாக நீ அவனோடு பேசவில்லை. உன் மேல் தப்புச் சொல்ல நான் எழுதவில்லை. தயவுசெய்து மீதிப் பக்கங்களையும் படி. அவன் கை அன்றைக்கு ஆடவில்லை. தப்பு என்னுடையது.

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, குழாய் துடைக்கிறார் என்று சொன்னாய். டீச்சர் என்னைத் தண்ணீர்க் குழாய்க்காரன் என்று நினைத்துத் தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி விசாரித்தது உனக்கு நினைவிருக்கும். நான் துடைக்கிறது துப்பாக்கிக் குழல். அதைப் பற்றி உனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்தது உனக்கு விளங்காது.

வேட்டை ரைபிளின் குழலுக்குள் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தால் வழவழப்பாக இருக்காது. திருகாணியில் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி, உள்ளே வரிகள் வெட்டியிருக்கும். குண்டு அந்த வரிகளைப் பிடித்துச் சுழன்றுகொண்டே வெளியே போகும். பம்பரம் சுழலும்வரைதானே நிற்கும்? சுழற்சி போதாவிட்டால் தலையை ஆட்டும், அப்புறம் படுத்துவிடும். குண்டும் அதே ஜாதிதான். குட்டைக் குண்டுக்குக் கொஞ்சம் சுழற்சி போதும். நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். அது குழலுக்குக் குழல் மாறும். ஒரு குழலில் பத்து அங்குலத்துக்குள் வரி ஒரு முழுச் சுற்று வந்துவிடும். இன்னொரு குழலில் பதினாலு அங்குலம் போனால்தான் ஒரு சுற்று. கடையில் அதைச் சோம்பேறிக் குழல் என்போம். பழைய துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் சோம்பேறிகள்தான். அந்தக் காலத்துக் குண்டு குட்டையாக, மூக்கு மழுங்கி இருக்கும். அதற்கு அந்தச் சோம்பல் போதும். அதே குழலில் இந்தக் காலத்து நீளக் குண்டைப் போட்டால், அது நேராகப் போகாது. காற்றிலேயே புரண்டு, பக்கவாட்டில் போய் இடிக்கும். எங்கே இடிக்கும் என்று சுடுகிறவனுக்குத் தெரியாது.

எந்தக் குழல் எந்த ரகம் என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. கம்பி நுனியில் துணியை இறுக்கமாகச் சுற்றி உள்ளே தள்ள வேண்டும். கைப்பிடி தானாகச் சுழலும்படி விட வேண்டும். கம்பியின் மேல்பக்கம் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோடு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வரும்போது கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறது என்று அளந்தால் முடிந்தது. பத்து நிமிஷம். கடைக்கு வருகிற ஒவ்வொரு பழைய ரைபிளுக்கும் நான் அதைச் செய்வேன். முதலாளி அவசரப்படுத்தினாலும் செய்வேன். அந்த விஷயத்தில் எனக்கு ஒரு கர்வமே உண்டு.

நம் வீட்டு ரைபிளுக்குச் செய்யவில்லை.

அந்த ரகத்துக்குப் பத்து அங்குலம் என்று கடையில் இருக்கிற அட்டையில் போட்டிருந்தது. பதினெட்டு வருஷமாக வீட்டில் இருக்கிற துப்பாக்கி, நான் துடைக்காத நாள் இல்லை, இதைப் போய் அளப்பானேன் என்று இருந்துவிட்டேன். எங்கேயோ, எப்போதோ, யாரோ அதில் வேறொரு பழைய குழலை மாட்டியிருக்கிறார்கள். அது சோம்பேறிக் குழல். பழைய ஈயக் குண்டையே போட்டுக்கொண்டிருந்த வரைக்கும் அது காட்டிக்கொடுக்கவில்லை. உன் தம்பி துப்பாக்கி சுடும் கிளப்பில் வாங்கிய கோப்பையெல்லாம் அந்த ஈயக் குண்டில்தான்.

அந்த வருஷம் மாப்பிள்ளையின் அண்ணன் சோளக்காட்டில் பன்றி இறங்கி அழிச்சாட்டியம் பண்ணியது உனக்குத் தெரியும். ஃபாரஸ்ட் ஆபீஸில் எழுதிக் கொடுத்து, ஒரு பன்றியைச் சுட அனுமதி வாங்கினார்கள். யார் சுடுவது என்ற பேச்சே எழவில்லை. கிளப்பில் உன் தம்பியை விடக் குறி தப்பாதவன் யார்? மாப்பிள்ளை நில அளவைக்காரர், எவ்வளவு பயிர் மிதிபட்டிருக்கிறது என்று அளந்து அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கக் கூடவே போனார்.

ஈயக் குண்டு தீர்ந்துபோயிருந்தது. கடையில் புதுசாக வந்தது முழுச் செம்புக் குண்டு. பெட்டியில் அதே எடை போட்டிருந்தது. நான் அதை நம்பவில்லை பார், என் புத்திசாலித்தனத்தை! இருபது குண்டையும் ஒன்றொன்றாகத் தராசில் வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகாமல் பழைய குண்டின் எடையே. வெடிமருந்து நிரப்பி, குண்டை உட்கார வைத்து, இருபது தோட்டாவும் பண்ணிவிட்டேன். ஈயத்தை விடச் செம்பு லேசு. லேசான சாமானில் அதே எடை வர வேண்டுமென்றால் நீளம் கூடித்தானே ஆக வேண்டும்? ஒரு கிலோ பஞ்சா ஒரு கிலோ இரும்பா, எது கனம் என்று வாலுவை மடக்குவேனே, அதே கேள்விதான். பத்தாவதில் கணக்கில் மூன்று தடவை ஃபெயிலானவனுக்குக்கூடத் தெரிய வேண்டிய விஷயம். பழைய குண்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் கண்ணாலேயே தெரிந்திருக்கும். நிறுத்தவில்லை. எடை சரியாக இருக்கிறதே என்கிற சந்தோஷத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தேன்.

உன் தம்பி கேட்டான். இதுதான் எனக்கு ஆறவே ஆறாத இடம். புதுக் குண்டாச்சே, கிளப்புக்குப் போய் நாலு தோட்டா சுட்டுப் பார்த்துவிடலாமா என்று கேட்டான். இரண்டு நாளாக மழை, சுடுகிற மைதானத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஒரு நாள் பொறுக்கலாம் என்றான். "அப்பன் நிரப்புன தோட்டாடா, கண்ணை மூடிக்கிட்டுச் சுடு" என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். மாப்பிள்ளை அப்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவர் எதையும் இரண்டு தடவை அளக்கிற மனுஷன். மாமா, ஒரு தடவை பார்த்துட்டாத்தான் என்ன என்றார். நில அளவைக்காரர் எல்லாத்தையும் சங்கிலி போட்டுத்தான் பார்ப்பார் என்று அவரையும் கிண்டல் பண்ணினேன். அவரும் சிரித்துவிட்டுக் கிளம்பினார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான், சிரித்த முகம்.

மற்றது உனக்குத் தெரியும், ஆனால் தெரிந்தது பாதி. காலை ஏழு மணி. நல்ல வெளிச்சம். பன்றி அறுபது தப்படி தூரத்தில், பக்கவாட்டில் நின்றது. உன் தம்பி முழங்காலில் உட்கார்ந்து, தோள்பட்டைக்குப் பின்னால் குறி வைத்துத்தான் சுட்டான். அந்தத் தூரத்தில் அவன் தீப்பெட்டியை அடிக்கிறவன். குண்டு போய் இடுப்பில், பின்பக்கம் இடித்தது. அடிபட்ட பன்றி சோளத்துக்குள் பாய்ந்து, அந்தப் பக்கம் வரப்பில் நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளை மேல் வந்துவிட்டது. தொடையில் கிழித்ததை உன் தம்பி தன் சட்டையால் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடியிருக்கிறான். வண்டியிலேயே போய்விட்டார். இதற்கு மேல் உனக்கு நான் எழுதக் கூடாது.

அன்றைக்கு எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அறுபது தப்படியில் தவறவிட்டான் என்றால் கை ஆடியிருக்கிறது. அவனும் அப்படித்தான் நம்பினான். விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் தோட்டா சரியான தோட்டாதானா என்று கேட்டார். எடை பார்த்து நிரப்பினேன், சார் என்றேன். அப்போது அது பொய் இல்லை. எனக்கு அப்போது தெரியாது. இதை மட்டும் நம்பு.

மூன்று வாரம் கழித்துத் துப்பாக்கியையும் மிச்சத் தோட்டாக்களையும் காகிதக்கட்டோடு திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கட்டில் பன்றியின் படம் ஒன்று இருந்தது. தோலில் இருந்த ஓட்டை வட்டமாக இல்லை. நீளமாக, சட்டையில் பொத்தான் ஓட்டை மாதிரி இருந்தது. நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டாம். குண்டு படுத்துக்கொண்டு போய் இடித்திருக்கிறது. கடை சாத்தியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக வந்து, பழைய ஈயக் குண்டு ஒன்றைத் தேடி எடுத்து, செம்புக் குண்டுக்குப் பக்கத்தில் மேஜைமேல் நிறுத்தினேன். அண்ணனும் தம்பியும் போல, ஒன்று தோள் அளவுக்கு நின்றது, ஒன்று தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பிறகு கம்பியை எடுத்தேன். பதினாலு அங்குலம். நம்பாமல் மறுபடி அளந்தேன். பதினாலு. மூன்றாவது தடவையும் அளந்தேன். செய்ய வேண்டிய நாளில் ஒரு தடவை அளக்காதவன், எல்லாம் முடிந்த பிறகு மூன்று தடவை அளந்தேன்.

ஆக, மகளே, எனக்குத் தெரிந்து ஒரு வருஷம் பதினோரு மாதம் ஆகிறது. நீ எந்த இடத்தில் என்னை வெறுத்தாலும் இந்த இடத்தில் வெறு. தோட்டா பண்ணியது தப்பு. தெரிந்த பிறகு சும்மா இருந்தது, ‘தப்பு’ என்ற சொல்லுக்குள் அடங்காது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். முதல் வாரம் உனக்குக் காய்ச்சல், இப்போது வேண்டாம் என்று இருந்தேன். பிறகு நீ வாலுவைக் கூட்டிக்கொண்டு வேலைக்கு அந்த ஊருக்குப் போனாய், போகிறபோது அழ வைக்க வேண்டாம் என்று இருந்தேன். அப்புறம் அம்மாவுக்கு முழங்கால். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்றுதான். நீ அவனிடம் பேசாமல் இருந்தாலும் என்னிடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசினாய். அப்பா, சாப்பிட்டீங்களா என்று கேட்டாய். அதை இழக்க எனக்குத் தைரியம் இல்லை. அவனை விட்டுக்கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன்.

உன் தம்பி என்ன ஆனான் என்று உனக்குத் தெரியாது, நீயும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கண்ணாடி வெட்டுகிற வேலையை அவன் விட்டுவிட்டான். வைர முனையை வைத்து ஒரே இழுப்பில் ஆறடி இழுப்பானே, அவன் இழுத்தால் கோடு போட்ட மாதிரி பிளக்குமே, அதே கடையில் இப்போது கண்ணாடியைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறான். கேட்டால், என் கை ஆடுது, நம்ப முடியாது என்றுவிடுவான். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். விளிம்புவரை நிரம்பின டீயை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவான், ஒரு சொட்டுச் சிந்தாது. ஊசியில் அம்மாவுக்கு நூல் கோத்துக் கொடுப்பான். ஆனால் ஆடுகிறது என்று சொல்லுவான். அம்மா வைத்து அனுப்பிய சாப்பாட்டை அப்படியே திருப்பிக்கொண்டு வருவான். முப்பது வயதில் தாடியில் நரை.

போன மாதம் டாக்டரிடம் போனான். கை நடுக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வேலை முடிந்து வர நேரமாகும், நீங்க வாங்கிட்டு வந்துருங்கப்பா என்று சீட்டை என்னிடம் கொடுத்தான். நான் மருந்துக் கடையில் வரிசையில் நின்றேன். கடைக்காரப் பெண் யாருக்கு என்று கேட்டாள். என் பையனுக்கு, கை ஆடுகிறது என்றேன். என் வாயாலேயே சொன்னேன், மகளே. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது என்று அவள் சொல்லச் சொல்ல, சரிம்மா சரிம்மா என்று தலையாட்டினேன். ஆடாத கைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு தெருவில் நடந்து வந்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்து மாத்திரையை அவன் கையில் கொடுக்கவில்லை. முதலில் அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இவ்வளவு நாளா சிரிச்சிக்கிட்டே இருந்தீங்களே" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது, உனக்கு எழுதச் சொன்னது மட்டும்தான்.

மறுநாள் அவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. எனக்காகக் கதை கட்டுறீங்களா என்று கேட்டான். அவனைச் சமாதானப்படுத்த நான் பழியை ஏற்கிறேன் என்று நினைத்துவிட்டான். அப்படி ஒரு நல்லவனாக என்னை இன்னும் நினைத்துக்கொண்டிருந்தான். அதனால் அவனைக் கிளப்புக்குக் கூட்டிப் போனேன். இரண்டு வருஷமாக அவன் அந்தப் பக்கமே போகவில்லை. மிச்சமிருந்த தோட்டாவில் ஐந்தை எடுத்துக்கொண்டு, அதே ரைபிளை மணல் மூட்டைமேல் கட்டி வைத்து, யார் கையும் படாமல், கயிறு கட்டி இழுத்தேன். ஐம்பது தப்படியில் காகிதம். ஐந்தில் இரண்டு காகிதத்திலேயே இல்லை. மூன்று விழுந்திருந்தது, மூன்றும் பக்கவாட்டில், நீள நீளமாக. ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளி.

அவன் போய்க் காகிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். அந்த ஓட்டைகளில் விரலை வைத்து வைத்துப் பார்த்தான்.

"அப்ப என் கை ஆடலையாப்பா?"

ஆடலைடா என்றேன்.

அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாரோ திருப்பிக் கொடுத்த சாமானைப் பார்ப்பது போல. பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இந்த வாரம்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. உன்னிடம் சொன்ன கணக்கையே சொன்னேன். ஒரு வருஷம் பதினோரு மாதம். அவன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நடந்து போய்விட்டான். நான் மணல் மூட்டையை அவிழ்த்துவிட்டு, துப்பாக்கியைத் துடைத்து, தனியாக வீட்டுக்கு வந்தேன். துடைக்காமல் வைக்க மனசு வரவில்லை, பழக்கம்.

அதற்கப்புறம் அவன் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. கோபமாகப் பேசினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அப்பா, குளிச்சிட்டீங்களா, நான் போகட்டுமா என்று விருந்தாளி மாதிரிப் பேசுகிறான். பத்து நாளில் அந்தத் தொழிற்சாலைக்கு எழுதிப் போட்டு வேலை வாங்கிவிட்டான். வெட்டுகிற வேலை. மறுபடி வைர முனையைக் கையில் எடுத்துவிட்டான். அதில் எனக்குச் சந்தோஷப்பட உரிமை உண்டா என்று தெரியவில்லை, பட்டுக்கொண்டேன்.

நான் போய் அந்த அதிகாரியிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் பழைய கட்டைத் தேடி எடுத்து, என் காகிதத்தை உள்ளே வைத்து, கூப்பிடும்போது வர வேண்டும் என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முதலாளியிடமும் சொன்னேன். அவர், எதுக்குங்க இப்போ இதையெல்லாம் என்று இழுத்தார். தோட்டா நிரப்புகிற மேஜையின் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். இனி எனக்குத் துடைக்கிற வேலை மட்டும்தான். நீ டீச்சரிடம் சொன்னது இப்போதுதான் முழு உண்மையாகியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை

நேற்று இதோடு நிறுத்திவிட்டேன். கண்ணாடியில் ஈரம், எழுத்து தெரியவில்லை. காலையில் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, கோழி ஜோக்கை எடுத்துவிடச் சொன்னாள். எடுக்கவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்கு முழுசாகத் தெரியட்டும். இப்படிப் பேசிப் பேசித்தான் அன்றைக்கு இரண்டு பேர் வாயையும் அடைத்தேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கவில்லை என்றால் நான் புரிந்துகொள்வேன். அம்மாவிடம் மட்டும் பேசு, அவள் ஒன்றும் செய்யவில்லை. வாலுவுக்கு என்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டுமோ அதை நீயே, உனக்குத் தோன்றும்போது, உன் வார்த்தையில் சொல். நான் குறுக்கே வர மாட்டேன்.

ஆனால் உன் தம்பி உன் புருஷனைக் கொல்லவில்லை. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். மாமா, கண்ணைத் திறங்க மாமா என்று சொல்லிக்கொண்டே ஓடினானாம். கூட வந்த மாப்பிள்ளையின் அண்ணன் சொன்னார். நீ கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்லாமல் நின்றதற்குக் காரணம், அவனும் தன்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். உனக்குப் புருஷனை இல்லாமல் பண்ணிவிட்டேன். அதோடு தம்பியையும் இல்லாமல் பண்ணி இரண்டு வருஷம் வைத்திருந்தேன். முதலாவதைத் திருப்பித் தர என்னால் முடியாது.

நான் உனக்கு எழுதுவது அவனுக்குத் தெரியாது. நீ வரவில்லை என்றால் அவன் எதிர்பார்த்து ஏமாறப் போவதில்லை, அந்தப் பயம் உனக்கு வேண்டாம். இருபத்திரண்டாம் தேதி, பதினொன்றிலிருந்து மூன்று வரை. அவன் எங்கே போனாலும் கடைசி பெஞ்சில், தூண் ஓரமாகத்தான் உட்காருவான். வாலுவைக் கூட்டிக்கொண்டு போ. மாமா என்று அவள் கூப்பிட்டு அவன் கேட்டு வெகுநாள் ஆகிறது.

ஆசீர்வாதம் எழுத வேண்டிய இடம் இது. எனக்குக் கை வரவில்லை. அதனால் அம்மாவுடையதை எழுதுகிறேன். நீயும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் இருக்க வேண்டும் என்கிறாள். பக்கத்தில் நின்று, நான் சரியாக எழுதுகிறேனா என்று பார்க்கிறாள்.

அவனிடம் என்னைப் பற்றிப் பேசாதே. எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை சொல்லாதே. அவன் கோபம் அவனுக்கு வேண்டும். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், அவன் தாங்க மாட்டான். அம்மா கட்டிக் கொடுக்கிற பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருப்பான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, சாப்பிட்டியாடா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
கேட்க முகமில்லாமல் கேட்கும்
அப்பா